இரைப்பையை அசைக்க ஒரு புது மருந்து: குடியாத்தத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரில் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், நம் நாட்டு மருந்து நிறுவனங்களில் புது மருந்து தேடும் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்தில் 19 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வேலூரில் டி.பார்ம் படித்தவன், விஞ்ஞானி கிடையாது. இந்த மடலை எழுதக் காரணம் என் மனைவி. அவளுக்குச் சர்க்கரை வந்து 16 வருடம் ஆகிறது, அதில் கடைசி ஏழு வருடமாக அவளுடைய இரைப்பை ஒழுங்காக அசைவதில்லை. கேஸ்ட்ரோபரேசிஸ் என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கென்று ஒரு பெயர் கிடையாது. வயிறு மந்தம் என்பார்கள், ஆனால் மந்தம் என்றால் ஒரு வேளை பட்டினி போட்டு இஞ்சிச் சாறு குடித்தால் மறுநாள் சரியாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. இது அப்படிப் போகிற மந்தம் இல்லை.

தொடங்கியது கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மறுநாள். வைகாசி ஒன்றாம் தேதி வீடு நிறைய உறவுக்காரர்கள், மதியம் எல்லோரோடும் சேர்ந்து அவளும் சாப்பிட்டாள், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. மறுநாள் விடிகாலையில் வாந்தி எடுத்தபோது அந்தச் சோறும் கத்திரிக்காயும் அடையாளம் தெரிகிற மாதிரி அப்படியே வந்தது. பதினாறு மணி நேரம் கழித்து! கெட்டுப்போனதைச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தோம், ஆனால் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட இருபது பேரில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு முறை. நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரைக்கும் நிறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், டியூப் விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், கடைசியில் ஒருவர், யார் என்று நான் சொல்லப் போவதில்லை, "மனசுலதான்மா பிரச்சினை, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று என் எதிரிலேயே அவளைக் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. 61 கிலோ இருந்தவள் 14 மாதத்தில் 43 கிலோ ஆனாள்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் நோய் பிடிபட்டது. கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவு கலந்த இட்லியைச் சாப்பிடக் கொடுத்து, கேமராவுக்கு முன்னால் நிற்க வைத்து, நான்கு மணி நேரம் வரை, நடுநடுவே இடைவெளி விட்டுப் படம் எடுத்தார்கள். நான்காவது மணி நேரத்தில் சாப்பிட்டதில் பத்து சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிச்சம் இருக்கக் கூடாது. அவளுக்கு 38 சதவீதம் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து அவள் அழுதாள், பயந்து அழவில்லை, 'பாருங்க, நான் பொய் சொல்லலைங்க' என்றுதான் அழுதாள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மேஜையில் இந்த நோய் ஒரு சின்ன நோயாகத்தான் இருக்கும். புற்றுநோய் மாதிரி உயிரை உடனே எடுக்காது, இதய நோய் மாதிரி செய்தியில் வராது. ஆனால் சாப்பிட முடியாமல் இருப்பது என்ன என்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். வட ஆற்காட்டில் கேவுரு களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். இப்போது நார்ச்சத்து ஆகாது, எண்ணெய் ஆகாது, களியை நினைக்கவே முடியாது, நன்றாகக் குழைய வடித்த சோற்றை மோர் விட்டு மிக்ஸியில் அடித்து ஒரு டம்ளர், மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு டம்ளர். கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பந்தியில் உட்கார்ந்து இலையைத் தொடாமல் எழுந்தால் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள்.

இரைப்பை வேலை செய்கிற விதத்தை எனக்கு ஒரு டாக்டர் ஆட்டுக்கல்லை வைத்து விளக்கினார். மேல்பகுதி தளர்ந்து கொடுத்து உணவை வாங்கி வைத்துக்கொள்ளும். கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 முறை சுருங்கி, ஆட்டுக்கல் மாதிரி அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மசிந்த பிறகுதான் அடிவாசலைத் திறந்து சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த மூன்று சுருக்கத்துக்குத் தாளம் போட்டுக் கொடுப்பவை காஹால் செல்கள், ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ காஹாலின் பெயரால் வந்தது. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால் வயிற்றுக்கு வருகிற வேகஸ் நரம்பும் கெடுகிறது, இந்தச் செல்களும் குறைந்துபோகின்றன. கல் இருக்கிறது, அரிசி இருக்கிறது, ஆட்டும் கைதான் ஓய்ந்துவிட்டது.

சர்க்கரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுவிடுகிறோம். இன்சுலின் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். சாப்பாடோ இரைப்பையை விட்டு இறங்கவே இல்லை. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை, குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. வீட்டிலேயே மருந்துக் கடை வைத்திருக்கிறவன் நான், குளுக்கோஸ் தண்ணி கொடுத்தேன், ஆனால் அதுவும் அந்த இரைப்பை வழியாகத்தானே இறங்க வேண்டும்? ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் நரம்பில் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள். அன்றைக்கு விடிகாலையில் மீட்டரில் 310 காட்டியது, அப்போதுதான் முந்தின ராத்திரிச் சாப்பாடு இறங்கியிருக்கிறது.

சரி, மருந்து என்ன இருக்கிறது? என் கடை அலமாரியைத் திறந்து காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

மெட்டோக்ளோபிரமைடு. 1964இல் பிரான்சில் கண்டுபிடித்தது, என்னைவிட வயதில் மூத்தது. அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று அனுமதி பெற்றிருக்கிற ஒரே மருந்து இன்றைக்கும் இதுதான். வாய், நாக்கு, முகம் தானாக அசைந்துகொண்டே இருக்கும் டார்டிவ் டிஸ்கைனீசியா என்ற கோளாறு வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குப் போகாது, அதனால் 2009இல் அமெரிக்க அரசு மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட வைத்தது, 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. நோய் ஆயுளுக்கும் இருக்கிறது, மருந்துக்கு அனுமதி மூன்று மாதம். 2020இல் மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயாக ஒன்று அங்கே வந்தது, உள்ளே இருப்பது இதே பழைய மருந்துதான்.

டோம்பெரிடோன். 1974இல் பெல்ஜியத்தில் ஜான்சென் நிறுவனத்தில் பிறந்தது. மூளைக்குள் அதிகம் போகாது, அது நல்ல விஷயம். ஆனால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அளவைக் குறைத்தது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றது. அமெரிக்காவில் அனுமதியே இல்லை. நம் ஊரில் அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்து ஒரே கேப்சூலாக வருகிறது, கடையில் தினமும் எத்தனை அட்டை போகிறது என்று எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. ஏப்பம் வந்தாலும் அதுதான், பிரியாணி கொஞ்சம் கூடுதலாகிவிட்டாலும் அதுதான்.

எரித்ரோமைசின். 1950களிலிருந்து இருக்கிற ஆன்டிபயாட்டிக். மோட்டிலின் என்ற குடல் ஹார்மோன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து இரைப்பையை வேகமாகச் சுருங்க வைக்கும். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும், பலன் மங்கிவிடும். என் மனைவிக்கு மூன்று வாரம் நன்றாக இருந்தது. அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் அவள் ஒரு முழு தோசை சாப்பிட்டாள், மகளுக்கு அதை போன் போட்டுச் சொன்னாள். அடுத்த மாதம் பழையபடி ஆகிவிட்டது.

லெவோசல்பிரைடு. இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எட்டு மாதம் சாப்பிட்டாள். வாந்தி குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். நடை சின்னதாகிக்கொண்டே போனதையும், கை நடுங்குவதையும், முகத்தில் சிரிப்பு வராமல் போனதையும் உடம்பு பலவீனம் என்று எடுத்துக்கொண்டோம். நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் மாத்திரைச் சீட்டைக் கேட்டார், இந்த மாத்திரையால் வந்த பார்க்கின்சன் மாதிரியான பாதிப்பு என்றார், அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். நடுக்கம் முழுதாகப் போக ஐந்து மாதம் ஆயிற்று. மாதா மாதம் அந்த அட்டையை என் கடை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அந்த மருந்தின் பக்கவிளைவு படிக்காதவன் இல்லை நான். பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை.

அப்புறம் சிசாப்ரைடு, இப்போது அலமாரியில் இல்லை. நான் கடை வைத்த காலத்தில் இருந்தது. இரைப்பைக்கு நல்ல மருந்து என்று பேர் வாங்கியது, ஆனால் இதயத்தில் பொட்டாசியம் போய்வரும் ஒரு வாசலை அடைத்துவிடும். ஈரலில் அதை உடைக்கிற நொதியை எரித்ரோமைசினோ, பூஞ்சைத் தொற்று மருந்தான கீட்டோகோனசோலோ தடுத்துவிட்டால் ரத்தத்தில் அளவு ஏறி இதயத் தாளம் தப்பிவிடும். அமெரிக்காவில் 80 மரணங்கள் பதிவான பிறகு 2000இல் சந்தையை விட்டு எடுத்தார்கள். இந்தியாவில் தடை வந்தது 2011இல். நடுவில் அந்தப் பதினோரு வருடம் நம் ஜனங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிசாப்ரைடால் வந்த பயம் நியாயமான பயம். அது ஒரு நல்ல பழக்கத்தையும் கொடுத்தது, இன்றைக்கு எந்தப் புது மருந்தாக இருந்தாலும் அந்தப் பொட்டாசியம் வாசலைத் தொடுகிறதா என்று முதலிலேயே சோதிக்கிறார்கள். அதே குடும்பத்தில் பிறந்த புருகலோபிரைடு தன் வேலையை, குடலில் செரட்டோனின் என்ற பொருள் உட்காரும் இடமான நான்காம் வகை ஏற்பியோடு நிறுத்திக்கொள்கிறது, இதயப் பக்கம் போவதில்லை. ஐரோப்பாவில் 2009இல், அமெரிக்காவில் 2018இல் மலச்சிக்கலுக்கு அனுமதி. நம் ஊரிலும் கிடைக்கிறது. பெல்ஜியத்தில் 34 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வில் இரைப்பைக்கும் பலன் தெரிந்தது, பெரும்பாலும் காரணம் தெரியாமல் இந்த நோய் வந்தவர்கள் அவர்கள். இன்னொரு சிறிய ஆய்வில் உணவு வேகமாக இறங்கியது, தொந்தரவு மட்டும் குறையவில்லை. முப்பது பேரையும் பதினைந்து பேரையும் வைத்து ஒரு முடிவுக்கு எப்படி வருவது?

இங்கேதான் ஐ.சி.எம்.ஆரிடம் என் முதல் கேள்வி. இந்த மருந்து ஏற்கெனவே நம் நாட்டில் பல கம்பெனிகள் தயாரித்து விற்கிற மருந்து. இதை வைத்துப் பெரிய ஆய்வு நடத்த எந்தக் கம்பெனியும் பணம் போடாது, போட்டால் பலன் பக்கத்துக் கம்பெனிக்கும் போகும். அதனால் அரசுதான் போட வேண்டும். சர்க்கரையால் இரைப்பை ஓய்ந்துபோனவர்களில் சில நூறு பேரை, பல ஊர்களில், ஒரு வருடமாவது வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களே 2023இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று சொன்னீர்கள். அதில் ஒரு சிறு பங்குக்கு இந்த நோய் வந்தாலும் எத்தனை வீடு என்று நினைத்துப் பாருங்கள். ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் அந்த அட்டையைக் கொடுப்பதை நிறுத்திவிடுகிறோம்.

நிறுவனங்களில் இருக்கிறவர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். போன மாதம் மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் வந்தார், சின்னப் பையன், வெயிலில் ஆம்பூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான். "சார், கேஸ்ட்ரோல புது ப்ராடக்ட்" என்றான். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொண்டது. பையைத் திறந்து எடுத்தால் அசிடிட்டிக்கான ரேபிப்ரசோலும் அதே லெவோசல்பிரைடும் சேர்த்த கேப்சூல், டப்பா மட்டும் புது நிறம். அவனிடம் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கோபத்தை இங்கே உங்களிடம் சொல்கிறேன். இருக்கிற இரண்டு மருந்தை ஒரே டப்பாவில் அடைப்பதற்குப் புது மருந்து என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்களால் முடியாது என்றும் நான் நினைக்கவில்லை. 2013இல் நம் நாட்டு நிறுவனம் ஒன்று சர்க்கரைக்காரர்களின் ரத்தக் கொழுப்புக்கான சரோக்ளிடசார் என்ற மருந்தை முதல் மூலக்கூறிலிருந்து கடைசி மாத்திரை வரை இங்கேயே உருவாக்கி அனுமதி வாங்கியது. அதே 2013இல் ஜப்பான்காரர்கள் அகோட்டியமைடு என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள், சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோகிற அஜீரணத்துக்கென்றே வந்த மருந்து. அதற்கு முன்னால் இடோபிரைடு, மோசாபிரைடு, இரண்டும் ஜப்பானில் பிறந்தவைதான். மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன, மூன்றையும் நம் கம்பெனிகள் குறைந்த விலையில் தயாரிக்கின்றன, அதற்கு நான் நன்றி சொல்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன், விலை குறையாவிட்டால் எங்கள் ஊர்க் கைத்தறிக்காரர் வீட்டில் யார் வாங்க முடியும்? ஆனால் வயிற்றுக்கு மருந்து தேடுகிற வேலையை மட்டும் ஏன் எப்போதும் ஜப்பானிடமும் பெல்ஜியத்திடமும் விட்டுவைத்திருக்கிறோம்?

இது கஷ்டமான வேலை என்று தெரியும். ரெலமொரெலின் என்று ஒரு ஊசி மருந்து, கிரெலின் என்ற பசி ஹார்மோன் மாதிரி வேலை செய்வது, மூன்றாம் கட்ட ஆய்வு வரை போயிற்று, வணிக முடிவு என்று 2020இல் நிறுத்தினார்கள். டிராடிபிடன்ட் என்று இன்னொன்று, 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அனுமதி மறுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் ராத்திரி கடையை மூடிவிட்டு போனில் தேடித் தேடிப் படிப்பேன், அவளிடம் சொல்லமாட்டேன், கடைசியில் இப்படி முடியும். அமெரிக்காவிலேயே தோற்றதை இங்கே எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஏன் தோற்கிறது என்று நான் படித்துப் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதும் நோயாளி எவ்வளவு அவதிப்படுகிறார் என்பதும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. ஸ்கேனில் பாதி தேறினவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பார், ஸ்கேன் மோசமாக இருக்கிறவர் ஓரளவு சாப்பிடுவார். சிலருக்குக் கீழ்ப்பகுதி அரைக்கவில்லை, சிலருக்கு மேல்பகுதி தளர்ந்து கொடுக்கவில்லை, சிலருக்கு அடிவாசல் இறுகிப்போயிருக்கிறது, சிலருக்கு நரம்பு சின்ன அசைவையும் பெரிய வலியாகச் சொல்கிறது. சர்க்கரையால் வந்தது, ஆபரேஷனில் நரம்பு அறுந்து வந்தது, காரணமே தெரியாமல் வந்தது, இத்தனையையும் ஒரே பையில் போட்டு ஒரே மாத்திரையைக் கொடுத்தால் யாருக்கோ பலித்தது கூட்டத்தில் காணாமல் போய்விடும். போதாததற்கு, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிற மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கொஞ்சம் தேறிவிடுகிறது, பத்து வருடம் யாரும் நம்பாத ஒரு நோயை ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாலே பாதி பாரம் இறங்கும், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எலி சமாச்சாரம் ஒன்றும் இருக்கிறது. பரிசோதனைக் கூடங்களில் வைத்திருக்கும் எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்கவே தெரியாது, மோட்டிலின் ஹார்மோனும் அவற்றில் வேலை செய்வதில்லை. வாந்திக்கும் இரைப்பைக்கும் மருந்து தேடுகிறவர்கள் அந்த எலியிடம் எவ்வளவு தூரம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்? ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த பிராணி எது தெரியுமா, நம் வீட்டு மூஞ்சூறு. பிள்ளையார் காலடியில் உட்கார்ந்திருக்கிறதே, அதே மூஞ்சூறுதான். அது வாந்தியும் எடுக்கும், அதன் உடம்பில் மோட்டிலினும் உண்டு. இதைப் படித்த அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளையாருக்கு வயிறு பெருசு, அதான் அதைப் பக்கத்துலயே வச்சிருக்காரு" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரைப்பையின் வேகத்தைக் குறைக்கிற மருந்துக்கு எவ்வளவு புத்தியும் பணமும் போயிருக்கிறது என்று பாருங்கள். செமாக்ளூடைடு ஊசி சர்க்கரையைக் குறைக்கிறது, எடையைக் குறைக்கிறது, கூடவே இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. நல்ல மருந்துதான், நானும் ஃபிரிட்ஜில் வைத்து விற்கிறேன். குடல் ஹார்மோன்களை ஆழமாகப் படித்ததால்தான் அப்படி ஒரு மருந்து கிடைத்தது. அதே படிப்பு மறுபக்கமும் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வேலூருக்கு வாருங்கள் என்று நான் அழைப்பது ஊர்ப் பாசத்தால் மட்டும் இல்லை. வயிற்றைப் படிப்பதில் இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போகிற ஸ்ப்ரூ நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியபோது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் கிராமங்களுக்கே போய் அதை ஆராய்ந்தார்கள். உலகத்துக்கே அந்த நோயைப் பற்றிச் சொன்ன ஊர்களில் வேலூரும் ஒன்று. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து ரோட்டாவாக்கை 2011இல் சுமார் 6,800 கைக்குழந்தைகளிடம் சோதித்தபோது டெல்லி, புனேயோடு மூன்றாவது ஊர் வேலூர்தான். 2016லிருந்து அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சோதனைக்குக் கை நீட்டிப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்துத் தாய்மார்கள். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கு மரபணு சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து 2024இல் உலகத்துக்குச் சொன்னதும் இங்கிருந்துதான். மாவட்டம் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது, ஜனங்கள் அதே ஜனங்கள்.

ஆய்வு வந்தால் எப்படி நடத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பற்றி நோயாளி வீட்டில் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சோதனைச் சாப்பாடு இட்லியாகவோ கஞ்சியாகவோ இருக்கட்டும். வெளிநாட்டில் அளவுகோலாக வைத்திருக்கும் முட்டை வெள்ளைக்கருவும் டோஸ்டும் ஜாமும் இங்கே பாதிப் பேர் வாயில் வைக்கமாட்டார்கள், முட்டை தொடாத வீடுகளும் இருக்கின்றன. இட்லிக்கென்று நம் ஜனங்களை வைத்துச் சரியான அளவை நிர்ணயித்து, எல்லா ஆஸ்பத்திரியும் அதையே பின்பற்றட்டும். தொந்தரவைக் கேட்கும் கேள்வித்தாள் தமிழில் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் எழுதுகிற தமிழில் வேண்டாம், வாய்க்கசப்பு, எதுக்களிப்பு, நெஞ்சுக்கரிப்பு, குமட்டல், பொருமல் இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டு எழுதுங்கள், அவர்கள் இந்த ஐந்தையும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளமாட்டார்கள். சர்க்கரைக்காரர்களைத் தனியாகப் பாருங்கள். எத்தனை முறை வாந்தி என்பதோடு எத்தனை வாய் சாப்பிட்டார், எத்தனை நாள் வேலைக்குப் போனார், எத்தனை ராத்திரி சர்க்கரை இறங்கிப்போயிற்று என்பதையும் எண்ணுங்கள். இ.சி.ஜி. என்கிற இதயப் படம் ஆரம்பத்தில் ஒன்று, நடுநடுவே ஒன்று என்று எடுத்துவிடுங்கள், சிசாப்ரைடு கதை இன்னொரு தடவை வேண்டாம். கை நடுக்கத்தையும் வாய் அசைவையும் மாதம் ஒரு முறை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும், எங்களுக்கு நடந்த மாதிரி எட்டு மாதம் போய்விடக் கூடாது.

பேர்ணாம்பட்டிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசு போகும், துணைக்கு ஒருவர் வர வேண்டும். அதைக் கணக்கில் வையுங்கள். அப்புறம் ஒன்று, ஆய்வை நடுவில் நிறுத்துவதாக இருந்தால் மருந்து யாருக்கு வேலை செய்துகொண்டிருந்ததோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். அவருக்கு அந்த மருந்து தொடர்ந்து கிடைக்க வழி செய்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள். 2019இல் வந்த புதிய மருந்து, ஆய்வு விதிகளில் ஆய்வு முடிந்த பிறகும் மருந்து கொடுப்பது பற்றி இருக்கிறது, அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

பணம் இல்லை என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மருந்து ஆராய்ச்சிக்காக 2023இல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அறிவித்தது, புது மூலக்கூறு தேடுவதும் அதில் ஒரு பகுதி. அதில் இந்த நோய்க்கு ஒரு விண்ணப்பமாவது போயிருக்கிறதா? போகவில்லை என்றால் போடுங்கள், போயிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

என் மனைவி நாலு வருடமாக ஒரு நோட்டு எழுதுகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நீள நோட்டு, இப்போது ஐந்தாவது நோட்டு நடக்கிறது. என்ன சாப்பிட்டாள், எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு, எப்போது குமட்டியது, வாந்தியில் எந்த வேளைச் சாப்பாடு வந்தது, சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் நின்றது, எல்லாம் இருக்கிறது. எரித்ரோமைசின் சாப்பிட்ட அந்த மூன்று வாரமும் இருக்கிறது, தோசை சாப்பிட்ட நாளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் ஆய்வு ஆரம்பிக்கும்போது கேள்வித்தாள் எழுத இது உதவும் என்றால் ஐந்து நோட்டையும் தருகிறோம். அவளைக் கேட்டுவிட்டேன். முதலில் கையெழுத்து நன்றாக இல்லையே என்றாள், அப்புறம் சரி கொடுங்க என்றாள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்